மண்டிக் கணக்கை விட்டுவிட்டுக் குருவி காட்டப் போகலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 32 வயது. பாலக்காடு மாவட்டத்து முதலமடையில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். படித்திருக்கிறேன். சம்பளம் மாதம் 18,000. என் தாத்தா பனையேறி. அவர் பின்னால் வரப்பில் நடந்துதான் பறவை பார்க்கப் பழகினேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன், இப்போது இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்திலும் ஏற்றுகிறேன். வேலையை விட்டுவிட்டுப் பறவை வழிகாட்டியாகப் போய்விடலாம் என்று மனசு சொல்கிறது. நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் பக்கம் ஆட்களைக் கூட்டிப் போனால் நல்ல வருமானம் என்கிறார்கள். அதற்குக் காட்டுயிர் எம்.எஸ்சி. படிக்க வேண்டுமா? சேமிப்பு ஒன்றரை லட்சம் இருக்கிறது, நல்ல கேமரா லென்ஸ் வாங்கலாமா? வீட்டுக்காரர் சரி என்கிறார். மாமியார், "குருவி பார்த்தா சோறு போடுமா?" என்கிறார். பையன் இரண்டாம் வகுப்பு.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

வேலையை இப்போது விட வேண்டாம். லென்ஸும் வேண்டாம். ஆனால் இந்தத் தொழிலுக்குக் கட்டாயம் வாருங்கள். நீங்கள் நினைத்திருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர், அதனால் கணக்கையே முதலில் பார்ப்போம். மாதம் 18,000 என்றால் ஆண்டுக்கு 2,16,000. நம் பக்கம் வெளியூர்க்காரர்கள் பறவை பார்க்க வருவது பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. அந்த ஆறு மாதத்து சனி, ஞாயிறுகளைக் கூட்டினால் 52 நாள். ஒரு வாரம்கூட விடாமல் ஆள் வந்தால்தான் அந்த 52. பண்டிகை, மழை, பையனுக்குக் காய்ச்சல், முதல் நாள் ராத்திரி போன் போட்டு "வரலைங்க" என்பவர்கள், இதெல்லாம் போக 35 நாள் தேறினாலே நல்ல வருடம். அப்படியானால் வண்டிச் செலவு, சாப்பாடு எல்லாம் போக ஒரு நாளைக்கு ஆறாயிரத்துக்கு மேல் உங்கள் கையில் நிற்க வேண்டும். பேர் தெரியாத புது வழிகாட்டிக்கு முதல் வருடத்தில் அது நடக்காது.

இன்னொரு சிக்கல் உங்கள் ஊருக்கே உரியது. முதலமடை மாங்காய் நாட்டிலேயே முன்னால் சந்தைக்கு வருவது. மற்ற ஊர்களில் பிஞ்சு விடும்போது உங்கள் மண்டியில் லாரி நிற்கும். பறவை பார்க்க ஆள் வரும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில்தான் மண்டியிலும் தலைக்கு மேல் வேலை. மழை பிடித்தால் இரண்டும் ஒன்றாகப் படுத்துவிடும். ஆகையால் உங்களுக்கு வேண்டியது ஜூன் முதல் செப்டம்பர் வரை காசு வரும் ஒரு வழி. அது உங்கள் கண்ணெதிரே இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் காடு. பரம்பிக்குளம் உங்கள் முதலமடைப் பஞ்சாயத்துக்குள்தான் வருகிறது. ஆனாலும் வண்டியில் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் வந்து, சேத்துமடை ஏறி, டாப்சிலிப் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு மாநிலத்து வனத்துறை, இரண்டு சோதனைச் சாவடி. உள்ளே விருந்தினர்களைக் கூட்டிப் போவது காடர், மலசர், மலைமலசர், முதுவர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வனத்துறையோடு சேர்ந்து இயங்கும் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் மூலமாக அவர்களுக்கு அந்த வேலை வந்தது. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் இருப்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் மிகச் சில கௌரவமான வருமானங்களில் அது ஒன்று. அங்கே போய் நாம் போட்டிக்கு நிற்கக் கூடாது. நிற்கவும் முடியாது. மரத்தில் பழுத்திருக்கும் அத்தியைப் பார்த்தே நாளைக் காலை இருவாச்சிப் பறவை எங்கே வரும் என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் விருந்தினர் பரம்பிக்குளம் போக ஆசைப்பட்டால் முன்பதிவு செய்து கொடுங்கள், கூடப் போங்கள், வழிகாட்டுவதை அவர்களிடம் விடுங்கள்.

நெல்லியாம்பதிக்கு நெம்மாறை வழியாக யாரும் ஏறிவிடலாம். அதனாலேயே அங்கே ஏற்கெனவே நிறையப் பேர். எர்ணாகுளம் மாவட்டத்துத் தட்டேக்காட்டின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பறவையியலாளர் சாலிம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது வியந்த இடம். 1983-இல் சரணாலயம் ஆனது. இன்று அதைச் சுற்றியுள்ள பல வீடுகளில் பறவை பார்க்கிறவர்களைத் தங்க வைக்கிறார்கள். காட்டோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களே வழிகாட்டிகளாக நல்ல பேர் எடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. புத்தகத்தில் இருக்கும் தகவல் எவருக்கும் கிடைக்கும். தவளைவாயன் என்னும் இரவுப் பறவை இன்றைக்குக் காலையில் எந்தக் கிளையில் உட்கார்ந்து தூங்குகிறது என்பது அந்த ஊர்க்காரருக்கு மட்டும்தான் தெரியும். அதற்குத்தான் காசு.

சரி, அப்படி உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன? உங்கள் சமவெளி.

மீன்கரை அணை, சுள்ளியாறு அணை, கம்பாலத்தறை ஏரி, இடையில் வயல், வரப்பு நெடுகப் பனை. ஆளியாற்றுத் தண்ணீர் சித்தூர்ப் புழைக்கு எப்போது வருகிறது, எந்தக் குளம் எந்த மாதம் வற்றுகிறது, உழவு ஓட்டும்போது கொக்கு எந்த வயலில் இறங்கும், ஆள்காட்டி எந்தப் பொட்டலில் முட்டை வைக்கும், மின்கம்பியில் பனங்காடை எந்த வளைவில் உட்காரும், இதெல்லாம் உங்கள் நோட்டில் இருபது வருடத்துக்கு மேலாக ஏறியிருக்கிறது. எங்களைப் போல வெளியிலிருந்து வருகிறவர்கள் அதைச் சம்பாதிக்கவே முடியாது. சில வருடங்களாகக் கொல்லங்கோட்டுக்கு வயலும் பனையும் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வண்டி வண்டியாக ஆள் வருகிறதே, பார்க்கிறீர்கள் அல்லவா? அவர்கள் வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பனையில் என்ன நடக்கிறது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

மழைக்காலத்துக்கு வருகிறேன். தென்மேற்குப் பருவமழை பிடித்து, முதல் போகம் பச்சை கட்டியதும் தூக்கணாங்குருவிகள் பனையிலும் கிணற்றோர மரத்திலும் கூட ஆரம்பிக்கும். ஆணின் தலையும் நெஞ்சும் மஞ்சளாகிவிடும். நெல் தாளின் ஓரத்தைக் கொத்திக் கவ்விக்கொண்டு பறக்கும், இலை நார் நாராகக் கிழிந்து வரும். அதை மட்டை நுனியில் முடிந்து, வளையம் கட்டி, கவிழ்த்த கிண்ணம்போல ஒரு பாதிக் கூடு வரைக்கும் பின்னும். அங்கே நிறுத்திவிடும். பெண் வந்து உள்ளே தொங்கிப் பார்க்கும், நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் ஆண் மேற்கொண்டு முட்டை அறையும், கீழ் நோக்கிய குழாய் வாசலும் பின்னும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே பாதியில் தொங்கும். உள்சுவரில் ஈர மண் அப்பியிருக்கும். பெண் முட்டை வைத்ததும் ஆண் பக்கத்து மட்டையில் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். ஒரே பனையில் இந்த எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் தெரியும். தூரத்தில் ஒரு பாய் விரித்து உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் குழந்தைகள் அசையாமல் பார்ப்பார்கள். அதுவும் நடப்பது, காட்டு வழிகாட்டிகள் ஆள் இல்லாமல் வீட்டில் இருக்கும் அதே மாதங்களில்.

அதே பனையில் காய்ந்து தொங்கும் ஓலைக்கு அடியில் பனை உழவாரன் கூடு இருக்கும். இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஓலையில் ஒட்டி, முட்டையையும் அதோடு ஒட்டி வைக்கிற பறவை அது. பனை இல்லாவிட்டால் அதற்கு வீடில்லை. செங்கல் சூளைக்குப் பனை போய்க்கொண்டிருக்கும் உங்கள் தாலூகாவில், ஒரு பனையின் கீழ் இருபது பேரை நிறுத்தி இதைக் காட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டக்காரருக்கு ஒரு சிறு தொகை கொடுங்கள். அந்த மரத்தை வெட்டுவதற்கு முன் அவர் யோசிப்பார்.

கோவை, பொள்ளாச்சிப் பள்ளிகள் ஒரு பக்கம், பாலக்காடு, திருச்சூர்ப் பள்ளிகள் மறுபக்கம். நீங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். இரண்டு பக்கத்துக் குழந்தைகளிடமும் தடுமாறாமல் பேச முடிகிற வழிகாட்டிகள் குறைவு. கேரளத்தின் பொறுப்புச் சுற்றுலா இயக்கம் 2017 முதல் இப்படிப்பட்ட உள்ளூர் முயற்சிகளைப் பதிவு செய்து கொடுக்கிறது. போய் விசாரியுங்கள்.

இன்னொரு விஷயமும் உங்களுக்குச் சாதகம். நீங்கள் நிற்பது பாலக்காட்டுக் கணவாயில். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கும் இடைவெளி. உயர்ந்த மலையின் குளிர்ந்த சோலைகளை விட்டு இறங்காத பறவைகளுக்கு இந்த வெயில் சமவெளி கடக்க முடியாத தடை. அதனால் வடக்கே நீலகிரியில் இருக்கும் சிரிப்பான் ஓர் இனம், தெற்கே ஆனைமலை, பழனிப் பக்கம் இருப்பது இன்னோர் இனம். சோலையில் தரையோரம் திரியும் நீலச் சிட்டும் அப்படித்தான், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. விருந்தினரை மீன்கரை அணைக்கரையில் நிறுத்தித் தெற்கே நெல்லியாம்பதியைக் காட்டி இதைச் சொல்லுங்கள். ஒரு பறவைகூடக் கண்ணில் படாத காலையிலும் அவர்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பானது. வழிகாட்டி பறவை பார்ப்பதில்லை. பறவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, மற்றவர்கள் பார்க்கிறார்களா என்று பார்ப்பதுதான் இந்த வேலை. "அதோ, அந்தப் பனையில்" என்று கை நீட்டினால் நூறு பனை நிற்கும் ஊரில் யாருக்கும் ஒன்றும் புரியாது. "மோட்டார் ரூமுக்கு நேர் பின்னால் இரண்டு பனை, அதில் குட்டைப் பனை, உச்சியிலிருந்து கீழே வாங்க, காய்ந்த மட்டை ஒன்று இடது பக்கம் தொங்குது, அதன் முனை" என்று சொல்லப் பழக வேண்டும். அப்படிச் சொல்லி முடிப்பதற்குள் பறவை போய்விட்டால், பார்க்காமல் போன அந்தப் பெரியவரின் முகம் வாடுவதற்குள் அடுத்ததைத் தேட வேண்டும். நீங்கள் ரொம்ப நாளாகக் காத்திருந்த பருந்து தலைக்கு மேலே போகும்போது ஒருவருக்கு ஷூ கயிறு அறுந்திருக்கும், இன்னொருவருக்குப் பாத்ரூம் தேவைப்படும். தனியாக, சத்தமில்லாமல் பார்ப்பதுதான் உங்களுக்குச் சுகம் என்றால், அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். கணக்கெடுப்பு வேலைக்கு அந்தக் குணம்தான் வேண்டும். எது உங்களுக்குச் சரி என்று தெரிய ஒரே வழி, இந்த வருடமே மண்டிக்கு விடுமுறை இருக்கும் ஞாயிறுகளில் தெரிந்த குடும்பங்களைக் கூட்டிப் போய்ப் பார்ப்பது. முதல் சில தடவை இலவசம், அப்புறம் கட்டாயம் காசு வாங்குங்கள், சின்னத் தொகையானாலும். இலவசமாக வருகிறவர் ஒன்பது மணிக்கு வருவார். காசு கொடுத்தவர் ஆறு மணிக்கு நிற்பார்.

படிப்பைப் பற்றி. மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும், உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிரியல் எம்.எஸ்சி. இருக்கிறது. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்திலும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பொதுவாக அறிவியல் இளங்கலை கேட்பார்கள். பி.காம்.காரர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆராய்ச்சியாளராக விருப்பம் இருந்தால் அது வேறு பேச்சு. வழிகாட்டிக்கு அது தேவையில்லை. நீங்கள் படிக்க வேண்டியதைக் களத்திலேயே படிக்கலாம். கேரளப் பறவை வரைபடம் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மழைக்காலத்தில் ஒரு முறை, வெயில் காலத்தில் ஒரு முறை என்று கட்டம் கட்டமாக நடந்து செய்தது. அவர்களில் ஆசிரியர், வங்கி ஊழியர், டாக்டர் எல்லாரும் இருந்தார்கள். பாலக்காடு இயற்கை வரலாற்றுச் சங்கத்திலும், மலைக்கு இந்தப் பக்கம் கோயம்புத்தூர் நேச்சர் சொசைட்டியிலும் போய்ச் சேருங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் நான்கு நாள் கணக்கெடுப்பு, ஓணத்துக்கு ஓணம் கணக்கெடுப்பு. தமிழ்நாடு வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பிலும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே உங்களோடு நடக்கிறவர்கள்தான் நாளைக்கு உங்களுக்கு விருந்தினரை அனுப்பப் போகிறவர்கள்.

இ-பேர்டை விடாதீர்கள். வெளியூர்ப் பறவைக்காரர்கள் ஓர் இடத்துக்கு வருவதற்கு முன் அந்த ஏரியின் பக்கத்தைத் திறந்து யார் தொடர்ந்து பட்டியல் போடுகிறார்கள் என்று பார்க்கிறார்கள். கம்பாலத்தறைக்கு வாரம் தவறாமல் உங்கள் பட்டியல் இருந்தால் தனியாக விளம்பரமே வேண்டாம். சந்தேகமானதைச் சந்தேகம் என்றே போடுங்கள். ஒரு தடவை இல்லாத பறவையைப் போட்டால் பத்து வருடத்துக்குப் பேர் போய்விடும். ஒழுங்கான பட்டியல் இருந்தால் கணக்கெடுப்புக் கூலி வேலையும் வரும். ஆனைக்கட்டியில் உள்ள சாலிம் அலி மையம், பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் திட்டத்துக்குத் திட்டம் கள உதவியாளர் தேவைப்படுவார்கள். காற்றாலை போடுகிற கம்பெனிகள் வெளிநாட்டு நிதி வாங்கும்போது பறவைக் கணக்கெடுப்பு கேட்கப்படுகிறது. நிரந்தரமான வேலை இல்லை, ஆனால் காலியாகக் கிடக்கும் மாதத்தை நிரப்பும்.

லென்ஸ் ஏன் வேண்டாம் என்றால், கேமரா உங்கள் கையில் இருக்கும்வரை நீங்கள் வழிகாட்டி இல்லை. முதல் வெளிச்சத்தில் நல்ல படம் கிடைக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் விருந்தினருக்கும் வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு நல்ல 8x42 இருநோக்கி வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி என்பதால் விடியற்காலை மங்கலிலும் தெளிவாகத் தெரியும். அதற்கு மேல் பெருக்கம் போனால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். விருந்தினருக்குக் கொடுக்க மலிவான இரண்டு. அதன் பிறகு, முதல் வருட வருமானத்தில், முக்காலியோடு ஒரு தொலைநோக்கி. ஏரி நடுவில் நிற்கும் நாரையை ஐந்து வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒருவர் பின் ஒருவராகக் கண் வைத்துப் பார்க்க அதுதான் உதவும். மிச்சப் பணத்தை வங்கியில் போட்டு வையுங்கள், மழைக்காலத்துக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பறவையின் குரலைப் போனில் போட்டுக் கூப்பிடச் சொல்வார்கள், கூட்டுக்குக் கிட்டப் போய்ப் படம் எடுக்கக் கேட்பார்கள், கூடுதலாகக் காசு தருவதாகவும் சொல்வார்கள். செய்யாதீர்கள். அடைகாக்கும் பறவை போலிக் குரலுக்குச் சண்டைக்கு வந்து கூட்டை விட்டுப் போனால் காக்கைக்கு முட்டை. அந்தப் பறவை அடுத்த வருடம் அங்கே இல்லாவிட்டால் உங்கள் தொழிலும் இல்லை. முதல் நாளே, காசு வாங்குவதற்கு முன், இதைச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஒரு பெண்ணாக. முதல் முறை வரும் ஒற்றை ஆண் விருந்தினரைத் தனியாகக் கூட்டிப் போகாதீர்கள். வீட்டுக்காரரோ, ஊர்ப் பையன் ஒருவனோ கூட வரட்டும், அவனுக்கும் சம்பளம் கொடுங்கள். சந்திக்கும் இடம் எப்போதும் டீக்கடை மாதிரி நாலு பேர் இருக்கும் இடமாக இருக்கட்டும். பாதி முன்பணம் வாங்குங்கள். விருந்தினரின் பேர், வண்டி எண், போகும் வழி மூன்றையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் சாவடி தாண்டி வாடகை வண்டி எடுத்தால் எந்த மாநிலத்துப் பதிவு, வரி கட்டியிருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள், விடியற்காலை ஐந்து மணிக்குச் சாவடியில் நின்றால் அந்தக் காலையே போய்விடும்.

மாமியாரின் கேள்வி நியாயமானது. அவருக்கு வாயால் பதில் சொல்ல வேண்டாம். மண்டிப் பேரேடு மாதிரியே இதற்கும் ஒரு பேரேடு போடுங்கள்: வந்தது, போனது, நின்றது. மாதக் கடைசியில் அவர் முன்னால் வைத்துக் கூட்டுங்கள். பையனின் பள்ளிக் கட்டணத்தை இந்தப் பணத்தில்தான் கட்டுவது என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மண்டி முதலாளியிடமும் இந்த சீசனுக்கு முன்பே பேசிப் பாருங்கள். வேலையை விடுவதாகச் சொல்லாமல், சீசன் மாதங்களில் ஞாயிறு மட்டும் கட்டாய விடுமுறை, ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரம் மூன்று நாள் வேலை, அதற்கேற்ற சம்பளம் என்று கேளுங்கள். மழைக்காலத்தில் மண்டியில் வேலை குறைவு, அவருக்கும் அது லாபம்தான். அந்த நான்கு மாதமும் தூக்கணாங்குருவிக்கு. இரண்டு மழைக்காலம் இப்படி ஓட்டி, இரண்டாம் வருடப் பேரேட்டில் நின்ற தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள். ராஜினாமாக் கடிதத்தைப் பற்றி அன்றைக்குப் பேசுவோம்.

அன்புடன்,
அக்கா